அறுபத்து நான்கு கிலோ

தெற்கு மாரட் வீதியில்
கிலோ கணக்கில் போட்டிருந்தார்களாம்.
பிரஷர் குக்கர் மூடிகளுக்கும்
சக்கரம் போன தையல் மிஷினுக்கும் நடுவில்
கிடந்ததை இன்னாசிமுத்து தூக்கி வந்தான்.
தராசில் ஒன்றே முக்கால்,
நினைவில் அறுபத்து நான்கு,
ரெண்டும் கிலோதான் என்று
எக்ஸ்ரே அறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.
அவன் மட்டும்.

விசையைப் போட்டால்
கண் மூடித் திறக்குமுன் நீலத் திரை.
தயார் என்கிறது.
பக்கத்தில் ஒரு கட்டம் துடிக்கிறது.
என் போன் எழுந்து சோம்பல் முறித்து
அப்டேட் கேட்டு முடிப்பதற்குள்
இது பத்துத் தடவை தயாராகிவிடும்.
எதற்கு என்பதுதான்.

"இன்டர்நெட்டுக்கு" என்றான்.
போடா என்றேன்.

பந்தயம் நூறு ரூபாய்:
ஞாயிறு சாயங்காலம் அஞ்சுக்குள்
அணையின் நீர்மட்டத்தை அது சொல்ல வேண்டும்.
எனக்கும் காரியம் இருந்தது.
தண்ணீர் திறந்துவிட்டால் தரைப்பாலம் முங்கும்,
செல்லூரிலிருந்து ஸ்கூட்டியில்
ஏ.வி. பாலம் வரைக்கும் சுத்தணும்.

அந்தப் பக்கத்தின் கனம் நாலு எம்.பி.
அணையின் படம் ஒன்று,
கைகூப்பும் படங்கள் மூன்று,
ஓடுகிற எழுத்து,
மேலிருந்து விடாமல் கொட்டும் பூ.
பூட்டைத் திறக்கும் கணக்குப் போடவே
இதற்கு ராத்திரி முழுக்க ஆகுமாம்.
அதனால் முதுகில் ஒரு பலகையைப் பற்றவைத்திருந்தான்.
கட்டைவிரல் அகலம், முந்நூற்றைம்பது ரூபாய்.
வெளியே போய் வாங்கி வருவது அதன் வேலை.
அந்தப் பலகைக்கு இதைவிட நினைவு அதிகம்
என்று பிறகுதான் வாய் திறந்தான்.

"அப்ப போறது யாரு, இதா அதா?"
"கண்ணாடி போட்டுப் படிக்கிறயே சக்குபாய்,
படிக்கிறது கண்ணாடியா?"

முதல் தடவை வாசலிலேயே நிறுத்தினார்கள்.
நீ இயந்திரம் இல்லை என்று நிரூபி.
ஒன்பது படத்தில் எதெதில் பஸ்?
பதினாறு வண்ணத்தில்
ஒன்பது சேற்று உருண்டைகள்.
அது ஒன்றும் சொல்லவில்லை.
பொய் சொல்லத் தெரியாமல்
கட்டம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

பிறகு எழுத்து.
ஒன்றுக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளி, அவ்வளவுதான் இடம்.
ஆங்கிலம் அதில் கால் நீட்டிப் படுத்துவிடும்.
நான் கட்டம்போட்ட நோட்டை எடுத்தேன்.
வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம், எழுதுவது தமிழில்;
இரவல் வாங்கியவளுக்கு
மடிப்பு ஒவ்வொன்றும் தெரியும்.
ட, ரெண்டே கோடு.
அ-வுக்கு அரைமணி.
வை ஒரு மாதிரி உட்கார்ந்தது.
ணை ரெண்டு கட்டத்தைத் தாண்டி
மூன்றாவதில் கால் வைத்தது.
ஆறின டீயில் ஆடை கட்டியது.

நாலு ஐம்பதுக்கு
பலகை பூவை உதிர்த்தது,
கும்பிட்ட கைகளை உதிர்த்தது,
மிஞ்சியதை ஒவ்வொரு எழுத்தாகத்
திரையில் கொண்டுவந்து வைத்தது:

வைகை அணை
62.4 அடி

நாலு எம்.பி.க்குள் இருந்தது இவ்வளவுதான்.

இன்னாசி மேசையைத் தட்டினான்.
நான் அடுத்த வரிக்குக் காத்திருந்தேன்.
தேதி வந்தது.
வியாழக்கிழமை.
போனில் எடுத்துப் பார்த்தேன்.
பளபளவென்று, பூ கொட்டக் கொட்ட,
அதிலும் வியாழக்கிழமை.

மாடிக்கு ஏறினோம்.
தரைப்பாலத்தின் மேல் செம்மண் நிறத்தில்
தண்ணீர் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது.
சைக்கிளைத் தோளில் தூக்கிய ஒருவர்
பாதியில் நின்று
முன்னேயும் பின்னேயும் பார்த்தார்.

நூறு ரூபாய் யார் யாருக்குத் தரணும்
என்பது இன்னும் தீரவில்லை.
சுத்தித்தான் போனேன்.
ஏ.வி. பாலத்து நெரிசலில்
முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கம்
யாரோ கையால் எழுதிய ணை ஒன்றைப் பார்த்தபோது
புரிந்தது,
என்னுடையதில் மூன்றாவது வரியில்
ஒரு புள்ளியை எடுத்துவிட்டால்
ரெண்டு கட்டத்துக்குள் அடங்கும்.